சூடு கூடிய விதம்

ஒரு காட்டில், மூங்கில் புதரடியில், சேவந்தி என்ற காட்டுக்கோழி ஒற்றை முட்டையை அடைகாத்து வந்தது. மற்ற முட்டைகளைக் கீரி தின்றுவிட்டது. மிஞ்சிய ஒன்றின்மேல் சேவந்தி உயிரையே வைத்திருந்தது.

அன்று நல்ல மழை. இரை தேடப் போன சேவந்தி நனைந்து திரும்பியபோது முட்டை சில்லிட்டுக் கிடந்தது. பதறிப்போய் அதன்மேல் உட்கார்ந்தது. இறகெல்லாம் ஈரம், சூடு போதவில்லை.

"சூட்டைக் கூட்ட யாராவது ஒரு வழி சொல்லுங்களேன்" என்று கெஞ்சியது.

வாயாடிக் குரங்கு மரத்திலிருந்து குதித்தது. "இதென்ன பெரிய விஷயம்? கல்லோடு கல்லைச் சேர்த்தால் குவியல் கூடும். சூடும் அப்படித்தான்."

மக்கிய சருகு வெதுவெதுப்பாக இருந்தது. சேவந்தியை நகரச் சொல்லிவிட்டு, குரங்கு அதை அள்ளி அள்ளி முட்டையின்மேல் கொட்டியது. குவியல்தான் உயர்ந்தது. வெதுவெதுப்பு வெதுவெதுப்பாகவே இருந்தது.

பொந்திலிருந்த கர்வக்கார ஆந்தை சிரித்தது. "சூட்டோடு சூடு ஒட்டாது, தம்பி. பழைய சூடு செத்தால்தான் அதைவிடப் பெரிய சூடு பிறக்கும். போட்டதை வாரி எறி. புதுச் சருகு போடு."

குரங்கு கொட்டும், ஆந்தை வாரி எறியும். ஒவ்வொரு முறையும் முட்டையில் ஊதல் காற்று அடித்தது. இருவருக்கும் வாதம் முற்றியது; முட்டை மறந்தே போயிற்று.

"சேவந்தி, எங்களில் யார் கட்சி சரி? நீயே சொல்" என்றது குரங்கு.

பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்று அதுவரை பொறுத்திருந்தது சேவந்தி, பாவம். அலகை முட்டையில் வைத்துப் பார்த்தது. முன்னைவிடச் சில்லென்றிருந்தது.

"உங்கள் கட்சி இருக்கட்டும் அண்ணா. என் பிள்ளை விறைக்கிறது."

சருகைக் காலால் சீய்த்துத் தள்ளியது. மார்பில் ஈரமாய் ஒட்டியிருந்த இறகுகளை அலகால் பிடுங்கியது. வலிக்கத்தான் செய்தது. பிறகு வெறும் தோல் படும்படி முட்டைமேல் அமர்ந்தது. மெல்ல மெல்ல முட்டையில் சூடு ஏறியது.

குரங்கு தொட்டுப் பார்த்துத் திகைத்தது. "புதிதாக எதைச் சேர்த்தாய்?"

"எதையும் சேர்க்கவில்லை."

"அப்படியென்றால் பழைய சூடு செத்துவிட்டதா?" என்றது ஆந்தை.

"என் உடம்பில் இருந்த அதே சூடுதான், ஆந்தையாரே. கொஞ்சம் பேசாமல் இருங்கள். உள்ளே கொத்தும் சத்தம் கேட்கிறது."

நீதி: அன்பு கூடுவதற்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை, இடையில் நிற்பதை விலக்கினால் போதும்.