கடுவன் பூனையின் தவம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. அதற்கு முன்னால் ஒரு பூனை உட்கார வேண்டும், ஒரு ஆட்டோ இருபது கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு பெரிய மனிதர் மூன்று சொம்பு குடிக்க வேண்டும். அதுவரை அடக்கி வையுங்கள். அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தப் பெரிய மனிதரே பின்னால் காட்டுவார்.

சுனைப்பாறை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். நாலு அறை, ஒரு அடுப்படி, ஒரு வேப்பமரம். மடத்துக்குத் தலைவி சாமியம்மா. நாற்பத்தைந்து வயது. அதிகம் பேச மாட்டார். யார் என்ன கேட்டாலும் "இருங்க" என்பார். பாதிப் பேருக்கு அதிலேயே சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிப் பேர் இருந்து, சோறு தின்றுவிட்டுப் போவார்கள்.

அவருக்கு ஒரே சீடர், அறவாழி. வயது அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வந்த மூன்றாம் நாளே மடத்துக்கு ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். 4.30 விழிப்பு. 5.00 தியானம். 5.40 தியானம் முடிவு, வரிசையாக எழுந்திருக்கவும். வரிசைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.

சாமியம்மா அவரை "வாத்தியாரே" என்று கூப்பிடுவார். குரு சீடனை வாத்தியாரே என்பது முறையா என்று அறவாழிக்கு உறுத்தல் உண்டு. கேட்டால் "இருங்க" என்பார் என்று கேட்கவில்லை.

வேறொன்றைக் கேட்டார்.

"அம்மா, நாற்பது நிமிஷத்துக்கு மேல உட்கார முடியலை. முழங்கால் குத்துது. கொசு கடிக்குது. பக்கத்து ஊர் ஒலிபெருக்கி வேற. உலகத்தை மறந்து அசையாம உட்கார என்ன செய்யணும்?"

"இருங்க," என்றார் சாமியம்மா. பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கும்பாபிஷேகத்துக்குக் கிளம்பிப் போனார். மறுநாள் விட்டு அடுத்த நாள்தான் வருவார்.

அறவாழி பதிலுக்காகக் காத்திருந்தார். மறுநாள் காலையில் பதில் வந்தது. நாலு காலில் வந்தது.

மடத்தில் மொச்சை என்று ஒரு கடுவன் பூனை உண்டு. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு. டவுனிலிருந்து வரும் ஒரு பக்தர் அதற்கென்று மூட்டையில் தீனி வாங்கிப் போடுவார். காய்ந்த உருண்டைகள், பொரிகடலை மாதிரி நொறுங்கும். மொச்சை அதையே தின்று, தண்ணீர்ப் பக்கம் எட்டிப் பார்க்காமல், உருண்டு திரண்டிருந்தது.

காலை ஐந்து ஐம்பதுக்கு அது அடுப்படிக்குப் பின்னால் இருந்த சாம்பல் குழியில் ஏறியது. பின்கால்களை மடக்கியது. முதுகை வளைத்துக் கண்ணைப் பாதி மூடியது. அப்படியே நின்றுவிட்டது உலகம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மொச்சைக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டது. சாம்பல் குழிதான் அது தினமும் ஒதுங்குகிற இடம். ஒதுங்கியாகிவிட்டது, வர வேண்டியது வரவில்லை. முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடுவனுக்கு இப்படி அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து. இது நமக்குத் தெரியும். அறவாழிக்குத் தெரியாது.

அவர் கண்டது வேறு. உடம்பெல்லாம் திருநீறு. மடக்கிய கால். பாதி மூடிய கண். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம், ஒரு மயிர் அசையவில்லை. பிறகு பூனை எழுந்தது, குழியை இரண்டு தரம் சுற்றியது, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

"பிரதட்சிணம்," என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

சமையல் செய்யும் சொர்ணக்கிளி சாம்பல் கொட்ட வந்தாள். பூனையைப் பார்த்தாள்.

"சார், இதுக்கு மலச்சிக்கலு. முக்குது பாருங்க. ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெ குடுத்தா சரியாப் போயிரும்."

"முக்கலை. மூச்சை அடக்குது."

"அடக்கி?"

"உள்ளே கொண்டு போகுது."

"உள்ள போயி என்ன சார் பண்ண? வெளிய வரணும்ல."

"உனக்குப் புரியாது. போய் உப்புமாவைப் பாரு."

சொர்ணக்கிளி போனாள். போகிற போக்கில், "எனக்குப் புரியலைன்னா போவுது, அதுக்கு என்னமோ வலிக்குது," என்று உப்புமாவிடம் சொன்னாள். அறவாழி அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் மொச்சை தீனியைத் தொடவில்லை. உபவாசம். பின்காலைத் தூக்கி ஓயாமல் நக்கிக்கொண்டது. அறவாழி நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உடற்சுத்தி என்று எழுதினார். மாலை ஆறு பத்துக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்ம்ம்ம்ஞ்ஞாவ்." அறவாழிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "6.10. நாதம்," என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார்.

அந்த நேரம் பார்த்து மடத்து நாய் பைரவன் வந்தது. வேப்பமரத்தை மோந்தது, ஒரு காலைத் தூக்கியது, சாவகாசமாக முடித்துவிட்டு அட்டவணை ஒட்டிய சுவருக்குப் போனது. அங்கேயும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது.

"ஒரே மடம், ஒரே சோறு," என்றார் அறவாழி நாயிடம். "அது எங்கே, நீ எங்கே."

மறுநாள் விடிவதற்குள் ஊரில் பாதி வந்துவிட்டது. அறவாழிதான் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஒரு அம்மாள் சாமந்தி மாலை கொண்டுவந்து மொச்சை கழுத்தில் போட்டாள். மொச்சை அதை உதறக்கூட இல்லை.

"கண்ணைப் பாருடி, உலகத்தையே மறந்திருச்சு."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் உட்காருவாரு."

"அவரு சீட்டு வெளயாட உட்காருவாரு. இது அப்படியா?"

"தொட்டுக் கும்பிடலாமா சார்?"

"தள்ளி நின்னு. சத்தம் போடாம. வரிசையா."

ஒன்பது மணிக்கு சாமியம்மா வந்தார். பையை வைக்கவில்லை. கூட்டம் விலகியது. குனிந்து பூனையின் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு, கல்லு மாதிரி. பூனை கதறியது.

மாலையைக் கழற்றினார். பூனையை அள்ளிக் காய்கறிக் கூடையில் வைத்து, தம்மை இறக்கிவிட்ட ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

"ஜெயசீலா, டவுன் மாட்டாஸ்பத்திரி. வழியில எங்கயும் நிக்காதே. கிளி, நீயும் ஏறு. வயித்தை அமுக்கிறாதே."

ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"அம்மா, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?" என்றார் அறவாழி.

"இருங்க."

அவர் இருந்தார். இருந்த இடத்திலேயே விடையும் கண்டுபிடித்தார். சமாதி நிலைக்குப் போனவர்களை டாக்டர்கள் ஒயர் மாட்டிச் சோதிப்பது உண்டு. ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறார். சரியான நடவடிக்கைதான்.

சாமியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தியாரே, அசையாம உட்காரணும்னு கேட்டீங்கல்ல?"

"ஆமாம்மா."

"மொச்சை மாதிரியா?"

"அதுக்குத்தான் கொடுத்து வைக்கணும்."

"இருங்க."

அடுப்படிக்குள் போய் ஒரு சொம்பு கொண்டுவந்தார். நீர்மோர்.

"குடிங்க."

"தீட்சையா அம்மா?"

"குடிங்க."

குடித்தார். அடுத்த சொம்பில் பார்லித் தண்ணீர். குடித்தார். மூன்றாவது சொம்பில் இளநீர். முதலாவது உடலுக்கு, இரண்டாவது மனசுக்கு, மூன்றாவது ஆத்மாவுக்கு என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டார். மூன்றும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"அந்தக் குழியில உட்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

அறவாழி சாம்பலில் சம்மணமிட்டார். முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒரு விருதுகூட வாங்காதவர். அன்று முகம் அப்படி மலர்ந்திருந்தது.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. முழங்கால் குத்தவில்லை. அல்லது குத்தியது, அதைக் கவனிக்க ஆள் இல்லை. கொசு கடித்தது, கடித்துவிட்டுப் போனது. ஒலிபெருக்கி பாடியது, யாருக்கோ பாடியது. உலகம் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. அது தொப்புளுக்கு நாலு விரல் கீழே நின்றது.

அவர் முதுகை லேசாக வளைத்தார். கண்ணைப் பாதி மூடினார். முழுக்க மூடினால் பிடி விட்டுப்போகும் போலிருந்தது.

கூட்டம் இன்னும் கலையவில்லை.

"பூனையைவிட இவருக்குச் சுருக்கா வந்திருச்சு பாரு."

"முகத்துல என்ன தேஜஸ்."

"வேர்க்குதுடி."

"தேஜஸ் வந்தா வேர்க்கும்."

அந்த அம்மாள் சாமந்தி மாலையை எடுத்துத் தூசி தட்டி அறவாழி கழுத்தில் போட்டாள். மாலையின் கனம் மொத்தமும் அடிவயிற்றில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ம்ம்ம்ம்," என்றார் அறவாழி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அம்மா," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருங்க."

"ஒரே ஒரு நிமிஷம். போயிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துக்கிறேன்."

"மொச்சையும் அதான் கேட்டுச்சு," என்றார் சாமியம்மா.

அறவாழிக்கு விளங்கவில்லை. பூனை எப்போது கேட்டது? நோட்டில் அப்படி எதுவும் பதிவாகவில்லையே. யோசிக்க முயன்றார். யோசிப்பதற்கும் கொஞ்சம் தசையைத் தளர்த்த வேண்டியிருந்ததால் யோசனையை நிறுத்திவிட்டார்.

அப்போது பைரவன் வந்தது. நேராக வேப்பமரத்துக்குப் போனது. அறவாழிக்கு எதிரே, பத்தடி தள்ளி, ஒரு காலைத் தூக்கியது. அவசரமே இல்லை. சர்ரென்று ஆரம்பித்து, நிறுத்தி, ஏதோ நினைத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தது. தலைமையாசிரியர் அறவாழி தம் வாழ்நாளில் ஒரு நாயைப் பார்த்து அப்படி ஏங்கியதில்லை.

சாமியம்மாவின் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"டாக்டர் பேசறேங்க, மாட்டாஸ்பத்திரியில இருந்து," என்றது ஒரு பெண் குரல், வேகமாக. "பூனைக்கு ஊசி போட்டு மயக்கி, ட்யூப் விட்டாச்சு. மருந்து அளவு பார்க்க எனக்கு நேரம் தெரியணும். கூட வந்த அம்மா, எல்லாம் சார் குறிச்சு வச்சிருக்காருன்னு சொல்றாங்க. யாரு அந்த சார்?"

சாமியம்மா போனை அறவாழியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நான்தான். அறவாழி. ஓய்வுபெற்ற தலைமை—"

"சீக்கிரம் சொல்லுங்க சார். எப்ப உட்கார ஆரம்பிச்சது?"

"நேற்று காலை ஐந்து ஐம்பது. ஆசனம்."

"என்னது?"

"உட்கார்ந்தது."

"ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். அப்புறம் எழுந்து பிரத... எழுந்து சுத்தி வந்து, மறுபடி."

"நக்கிச்சா?"

"உடற்சு... நக்கிச்சு."

"சாப்பிட்டுச்சா?"

"இல்லை." உபவாசம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து, திரும்பிப் போய்விட்டது.

"கத்திச்சா?"

அறவாழி வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் தொண்டையிலிருந்தே ஒரு சத்தம் கிளம்பியது, அவரைக் கேட்காமல். "ம்ம்ம்ம்."

அந்தச் சத்தத்தை அவர் முன்பே கேட்டிருக்கிறார்.

"சார்? உங்க குரலே ஒரு மாதிரி இருக்கு. கத்திச்சான்னு கேட்டேன்."

"கத்திச்சும்மா," என்றார் அறவாழி மெதுவாக. "ஆறு பத்துக்கு. ராத்திரி பூரா."

"முப்பது மணி நேரம் ஆகப் போகுது. அடச்சுக்கிட்டா எவ்வளவு வலிக்கும் தெரியுமா சார்? முதல்ல ரத்தமாத்தான் வந்துச்சு, இப்பத் தெளிஞ்சு போயிட்டிருக்கு. பிழைச்சுக்கும். இன்னொரு ராத்திரி விட்டிருந்தீங்கன்னா சொல்றதுக்கில்லை. கடுவன் அடிக்கடி போயி உட்கார்ந்து, ஒண்ணும் வராம எழுந்திருச்சா, காத்திருக்கவே கூடாது. இதைக்கூடப் பக்கத்துல இருக்கவங்க கவனிக்க மாட்டாங்களா?"

"கவனிச்சேன்," என்றார் அறவாழி.

போன் அணைந்தது.

கூட்டத்தில் யாரோ தேங்காய் உடைக்கலாமா என்று கேட்டார்கள். அறவாழி தலையைத் தூக்கினார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கித் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு போனது. கண் இப்போது முழுக்கத் திறந்திருந்தது.

"அம்மா," என்றார். "மொச்சை தியானத்துல இல்லை."

சாமியம்மா அவரையே பார்த்தார்.

"நீங்க?"