தாசில்தார் வீட்டு ஆந்தூரியம்

சிந்தாமணி ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற தாசில்தார் வேதமுத்து சோபாவில் சாய்ந்தபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"ஆந்தூரியம் பூச்செடி இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு, வேர் அழுகுது. தினமும் தண்ணி ஊத்துறது நீதானே? ஒத்துக்க. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"வாரம் ஒருதடவைதான் ஊத்துறேன் ஐயா."

"அப்போ செடி பொய் சொல்லுதா?" அவர் மனைவியும் சந்தேகமாகப் பார்த்தாள்.

சிந்தாமணி சோபா ஓரத்திலிருந்த பூந்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"செடி பொய் சொல்லலைம்மா. வேரோரமா வெந்தயம் முளைச்சிருக்கு, பாருங்க. சுகருக்குன்னு தினமும் காலையில ஐயாவுக்கு ஊறவச்ச தண்ணியோட குடிக்கக் கொடுக்கிறீங்களே, அந்த வெந்தயந்தான்."

தாசில்தார் சட்டென்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்தார். அம்மா அவரை முறைத்துவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

"ஐயா, நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுமா, இல்லே..."

"சிந்தாமணி! ஐயாவுக்கு வெந்தயம் ஊறவைக்கணும், பெரிய சொம்பா எடு!"