செம்புக் கம்பிப் பூச்சி

மேல்மலை ஓடையில் ட்ரவுட் மீனுக்கு மண்புழு ஆகாது, பொய்ப்பூச்சிதான் வேண்டும். தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரியே கட்டி வீசுவார்கள். அதைக் கட்டுவதில் ஜெபமணியை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு நாற்பது வயது. அவளிடம் தொழில் கேட்டு வந்த காத்தவராயருக்கு அறுபது தாண்டிவிட்டது. தாண்டினால் என்ன? சொல்கிறவள் ஆசான், கேட்கிறவர் சீடர்.

அவர் வந்தது பொழுதுபோக்குக்கு அல்ல. மனைவி செல்லக்கனி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதைக் கொடுங்க” என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவளும் பெரிதாக எதற்கு ஆசைப்பட்டாள்? ஓடை மீன் ரசம், ஒரே ஒரு வாய்.

அவர் மயில் இறகின் இழையைச் சுற்றி ஒரு பூச்சி கட்டி வீசினார். மீன் கடித்தது. கடித்த வேகத்தில் பல் பட்டு இழை அறுந்தது, மீனும் நழுவிப் போனது. பாழாய்ப் போன மீன்! வெறுங்கையோடு வீட்டுப் படியேற அவருக்கு மனம் வரவில்லை. பிய்ந்த பூச்சியோடு நேராக ஆசானிடம் வந்தார்.

“ஆசானம்மா, எதைச் சுத்தினா கிழியாது?”

ஜெபமணி பூச்சியை வாங்கிப் பார்த்தாள்.

“மயில் இழையை நூலோட சேத்து முறுக்கிச் சுத்துங்கண்ணே. அதுக்கு மேல செம்புக் கம்பியை எதிர்ப்பக்கமாச் சுத்துங்க. ஒரு இழை அறுந்தாலும் மத்தது பிரியாது.”

“அப்பவும் அறுமா?”

“அறும்.”

“அப்ப அது வேண்டாம்.”

“இந்தப் பூச்சியே இன்னும் ஒரு மீனுக்குத் தாங்கும். மழை விட்டிருக்கு, போய் வீசுங்க.”

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிய்ந்த பூச்சியை மூலையில் எறிந்துவிட்டு, அவள் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பளி நூலைச் சுற்றினார், தன் பல்லாலேயே கடித்துப் பார்த்தார், அறுந்தது. நைலானைச் சுற்றினார், அது வழுக்கிக்கொண்டு உருவி வந்தது. அன்றும் போயிற்று, மறுநாளும் போயிற்று. மீனை மறந்தே போனார் மனுஷன்.

மூன்றாம் நாள் பால்காரர் வந்து வாசலில் நின்றார். “உங்க கொழுந்தியா சொல்லி விட்டுச்சு. அக்கா உங்களைத்தான் கேக்குதாம்.”

“மீனுக்குத்தான் அலையுறேன்னு சொல்லுப்பா.”

உண்மை என்னவென்றால், அவருக்குப் பயம். அந்தக் கட்டிலில் மூச்சு இழுக்கும் சத்தத்தை அவரால் கேட்க முடியவில்லை. இங்கே கைக்கு வேலை இருந்தது, வேலை இருக்கும்வரை அவள் இருப்பாள் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான். யாருக்குத்தான் வராது?

ஜெபமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மத்தியானம் மூலையில் கிடந்த பிய்ந்த பூச்சியைப் பொறுக்கினாள். தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிப் போனாள்.

காத்தவராயர் வெறும் செம்புக் கம்பியையே நெருக்கமாகச் சுற்றினார். மேலே வார்னிஷ் பூசினார், அடுப்பருகில் காய வைத்தார், மறுபடியும் பூசினார். பொழுது சாயும்போது அதைக் கல்லில் தேய்த்தார். கடித்தார். ஒரு கீறல்கூட விழவில்லை.

ஜெபமணி நனைந்த சேலையோடு திரும்பி வந்தாள்.

“ஆசானம்மா, இங்க பாருங்க! இனி எந்தப் பல்லும் இறங்காது.”

அவள் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். “நல்ல கட்டு. தண்ணியில போட்டீங்களா?”

“இன்னும் இல்ல. நாளைக்குக் காலையில.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவர் எறிந்த பூச்சியை அவர் முன்னால் வைத்தாள். இழை ஒன்றுகூட மிச்சமில்லை. நூல் மட்டும் தொங்கியது.

“இதுல ஒரு மீன் விழுந்துச்சு. உங்க வீட்டுல இருந்துதான் வர்றேன்.”

“குடிச்சாளா?”

“ஒரு வாய்.”

“ஏதாவது சொன்னாளா?”

“நீங்க பிடிச்சதான்னு கேட்டாங்க. அவர் கட்டின பூச்சியில விழுந்ததுன்னு சொன்னேன்.”

“போதும், போதும். நாளைக்கு நானே போய்...”

“நாளைக்கு வேணாம்ணே.” அவள் குரல் தாழ்ந்தது. “தலைமாட்டுல விளக்கு ஏத்தியாச்சு. சொந்தக்காரங்களுக்குச் சொல்ல பால்காரர் போயிருக்கார். நீங்க கிளம்புங்க.”

காத்தவராயர் எழுந்திருக்கவில்லை. செம்புக் கம்பிப் பூச்சியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஏதோ கேட்கவேண்டுமே என்பதுபோல் கேட்டார்.

“இது கிழியாதுதானே, ஆசானம்மா?”

“கிழியாதுண்ணே. இனிமே இது தண்ணிக்குப் போகாது.”