ஒன்பது முழக் கொடி

முன்னொரு காலத்தில், ஒருமுறையாவது சிரிக்காமல் படுக்கப் போகாத ராஜா ஒருவர் இருந்தார். அவரைச் சிரிக்கவைக்கும் உத்தியோகம் விகடன் நல்லகூத்தனுக்கு. வினையும் அதனாலேயே வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மனைவி வடிவு இருக்க, மூன்று வருஷமாக அவனுக்கு ஒருநாள் விடுப்பு கிடையாது. சபையைச் சிரிக்கவைத்துவிட்டு உள்ளுக்குள் ஏங்கிக் கிடந்தான்.

ஒருநாள் கப்பல் வியாபாரி ஒருவன் ராஜாவுக்குத் துப்பாக்கி ஒன்றைக் காணிக்கை வைத்தான். அதன் மேல் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் குழல். குழலின் கண்ணாடியில் சீப்புப் பல் போல வரிசையாகக் கோடுகள். உப்பரிகையில் நின்று பார்த்த ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"அக்கரை எவ்வளவு தூரம்? இங்கிருந்து இறங்காமல் சொல்லவேண்டும்."

விகடன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த தளவாய் முந்திக்கொண்டார். "பிரபு, சகலமும் அறிந்த நல்லகூத்தன் சொல்லட்டும். சரியானால் அவனுக்கு விடுப்பு. தவறினால் ஆயுளுக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

நல்லகூத்தன் குழலில் கண் வைத்தான். அக்கரையில் அவன் வீட்டுக் கொல்லை தெரிந்தது. கிணற்றடியில், துணி உலர்த்தும் கொடியில், வடிவின் அரக்குப் புடவை காய்ந்தது. பதினாறு முழம், அவனே முழம் போட்டு வாங்கியது. அவள் தெரிகிறாளா என்று தேடினான். காணோம்.

பிறகு ராணியின் பதினாறு முழப் புடவையை வாங்கி, நூறு முழத்துக்கு அப்பால் விரித்துப் பிடிக்கச் சொன்னான். அது கோடுகளுக்கு நடுவே பதினாறு கட்டங்களை அடைத்தது. அக்கரைப் புடவை அடைத்ததோ ஒரே கட்டம்.

தளவாயும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பதினாறில் ஒரு பங்கு தெரிந்தால் தூரம் பதினாறு மடங்கு. ஆயிரத்து அறுநூறு முழம். இதற்கு ஒரு விகடன் வேண்டுமா?"

"எண்ணூறு முழம், பிரபு" என்றான் நல்லகூத்தன்.

ஓடத்தில் அளவுகயிறு போனது. எண்ணூறு முழமும் ஒரு சாணும் வந்தது. தளவாய் முகத்தில் ஈயாடவில்லை.

"கணக்கு எப்படிப் பாதியாயிற்று?" என்றார் ராஜா.

"புடவையை இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறாள், பிரபு. அந்தக் கொடியைக் கட்டியவன் அடியேன். ஒன்பது முழம்தான். நீளமாகக் கட்டித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த தடவை வரும்போது ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மடித்தே போடுகிறாள்."

ராஜா மறுபடி குழலில் கண் வைத்து அந்தக் கொடியைப் பார்த்தார். "இருபது முழக் கயிறு எடுத்துக்கொண்டு போ. கொடியைக் கட்டி முடித்த மறுநாள் இங்கே இருக்கவேண்டும்."

பத்து நாள் கழிந்தது. ராஜாவுக்குச் சிரிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. "கட்டளையை மீறிவிட்டான், பிரபு" என்று தளவாய் தூபம் போட்டார்.

ராஜா குழலில் பார்த்தார். பழைய கொடி அப்படியே இருந்தது. புதுக்கயிறு பிரிக்காத சுருளாகக் கிணற்று மேட்டில் கிடந்தது. பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனை பிடித்து, ஈரப் புடவையை உதறி இரண்டாக மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மீறவில்லை, தளவாயே. அவன் இன்னும் கட்டவேயில்லை."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வடிவுக்கு ஒரு பட்டுப் புடவையும், நல்லகூத்தனுக்கு இன்னொரு சுருள் கயிறும் அக்கரைக்கு அனுப்பச் சொன்னார்.