முடிச்சு மருதாயி

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்களாம். அக்கா பேரு மருதாயி, தங்கச்சி பேரு சிட்டு. ம் கொட்டிக்கிட்டே கேக்கணும், தெரியுதா? நீ ம் கொட்டலைன்னா மருதாயி நடுவழியில அப்படியே நின்னுடுவா.

ம்.

அந்த மருதாயிய ஊரே முடிச்சு மருதாயின்னுதான் கூப்பிடும். ஏன்னா, அவ முந்தானையில எப்பப் பாத்தாலும் ஒரு முடிச்சு இருக்கும். உள்ள ஒரு பிடி அவல். குளிச்சாலும் அவுக்க மாட்டா, தூங்கினாலும் அவுக்க மாட்டா. கொண்டைக்குள்ள ஒரு கருப்பட்டித் துண்டு. எறும்பு சாரை சாரையா கழுத்துல ஏறும். "அடியே மருதாயி, தலையெல்லாம் எறும்புடி!"ம்பாங்க. "அது பாட்டுக்குப் போகட்டும், உனக்கென்ன?"ம்பா. அவ தலகாணிக்குள்ள பஞ்சே கெடையாது. கம்பு! தலைய வெச்சா கரக் மொரக், கரக் மொரக்னு சத்தம் வரும்.

ஒரு தடவை கல்யாண வீட்டுக்குப் போனா. பந்தியில வடை போட்டாங்க. ஒண்ணைத் தின்னா, மூணை முடிஞ்சுக்கிட்டா. திரும்பி வர்றா, பின்னாலயே ஒரு நாய் வருது. அப்புறம் ரெண்டு நாய். அப்புறம் ஏழு நாய். லொள் லொள் லொள்! மாப்பிள்ளை ஊர்வலத்துல கூட அவ்வளவு கூட்டம் இல்லையாம்.

ம்.

சிட்டு நேர்மாறு. வாசல்ல யாரு போனாலும், "சாப்ட்டீங்களா?" இல்லைன்னு வாய் தொறந்தா போதும், கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வெச்சுடுவா. வளையல்காரன் சாப்பிடுவான், ஆடு மேய்க்கிறவன் சாப்பிடுவான். ஒருநாள் திருட வந்தவனுக்கே சோறு போட்டுட்டா. அவன் தின்னு முடிச்சு, வெக்கப்பட்டு, கெணத்துல தண்ணி எறைச்சுத் தொட்டிய ரொப்பிட்டுப் போனானாம். கடைசியில பானை காலி. சிட்டு தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்குவா.

தெனமும் சண்டைதான். "இருக்குறதையெல்லாம் வாரிக் குடுத்துட்டு நாம மண்ணத் திங்கறதாடி?"ம்பா அக்கா. "இருக்குறதையெல்லாம் பொதைச்சு வெச்சுட்டு புழுத்துப் போறதைத் திங்கறதா?"ம்பா தங்கச்சி.

ஒரே வயித்துல பொறந்தவங்க எப்படி இப்படி ஆனாங்க? அது ஒரு பழைய கதை. மருதாயிக்கு எட்டு வயசு, சிட்டுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு சண்டை வந்துச்சு. மேக்கால ஒரு ராசா, கெழக்கால ஒரு ராசா. நடுவுல ஒரு ஏரி. என்னுதுன்னான் இவன், என்னுதுன்னான் அவன். குதிரைக்காரங்க டக டக டகன்னு வந்தாங்க, களத்துல இருந்த நெல்லைக் கொளுத்தினாங்க. ஊரே ஓடுச்சு. இவங்க அம்மா சிட்டுவ இடுப்புல வெச்சுக்கிட்டு, மருதாயியக் கையில புடிச்சுக்கிட்டு, ஒரு மலைப் பொடவுக்குள்ள, அதான் குகைக்குள்ள, போயி ஒளிஞ்சா. அம்மா முந்தானையில ஒரு முடிச்சுக் கம்பு. அவ்வளவுதான். தெனம் அவுத்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை குடுப்பா. "நீ தின்னியாம்மா?"ன்னு கேப்பா மருதாயி. "நான் அப்பவே தின்னுட்டேன்"ம்பா அம்மா. ஆனா மருதாயி பாத்துக்கிட்டேதானே இருந்தா. அம்மா வாய் அசையவே இல்லைன்னு அவளுக்குத் தெரியும்.

"அம்மா செத்துப் போயிட்டாளா?"

ஆமா கண்ணு. முடிச்சு காலியான அன்னைக்கு அம்மாவும் போயிட்டா. அப்புறம் மருதாயி தங்கச்சிய முதுகுல தூக்கிக்கிட்டு மலைய விட்டு எறங்கினா. ரோட்டுல மாட்டுவண்டியில போன ஒரு பொம்பளை, யாரு எவருன்னு கேக்காம, ரெண்டு பேருக்கும் சூடா கஞ்சி ஊத்தினா, கூட ஒரு சின்ன வெங்காயம். அந்தப் பொம்பளைதான் ஆவாரங்குழிங்கிற ஊர்ல கொண்டாந்து விட்டா. சிட்டு சின்னப் புள்ளை இல்லையா, அவளுக்கு அந்தக் கஞ்சி மட்டுந்தான் மனசுல நின்னுச்சு. மருதாயிக்கு அந்தக் காலி முடிச்சு மட்டுந்தான் நின்னுச்சு. வளந்தும் அப்படியேதான். குதிரைச் சத்தம் கேட்டா போதும், மருதாயி எந்த வேலையில இருந்தாலும் தாவிப் போயி நெல்லுக் குதிருக்குள்ள குதிச்சுடுவா, தொபுக்கடீர்னு!

ம்.

இப்படியே இருபது வருசம் போச்சு. அப்போ திரும்பவும் சண்டை வந்துச்சு. அந்த ராசாக்களோட புள்ளைங்க, அதே ஏரி. ஆத்துக்கு அக்கரையில பொகை கெளம்புச்சு. மறுநாள் காலையில பாத்தா, ஊர் வாசலுக்கு வெளிய எரநூறு பேரு நிக்கிறாங்க. தலையில மூட்டை, இடுப்புல கொழந்தை, காலெல்லாம் புழுதி.

ஆவாரங்குழி நாட்டாமை பேரு வையாபுரி. மீசை மட்டும் ரெண்டு முழம். அவரு முள்ளுப் படலை இழுத்து ஊர் வாசலை மூடிட்டாரு. "நமக்கே அடுத்த வெள்ளாமை வரைக்கும் பத்தாது. யாரையும் விடாதீங்க!"

அப்போ அவரு பக்கத்துல நின்னுக்கிட்டு, அவரை விடச் சத்தமா கத்தினது யாரு தெரியுமா? மருதாயிதான். "தொறக்காதீங்க! தொறந்தீங்கன்னா எல்லாரும் சாவோம்!"

மொதல்ல ஒரு வயசானவர் வந்தாரு. "தண்ணி மட்டும் குடுங்க சாமி." தண்ணி குடுத்தாங்க. படலைத் தொறக்கல. அப்புறம் கைக்கொழந்தையோட ஒருத்தி வந்தா. "நாங்க வெளியிலயே கெடக்குறோம், புள்ளைங்களை மட்டும் உள்ள விடுங்க." தொறக்கல. சிட்டு அழுதுக்கிட்டே வீட்டுல இருந்த கஞ்சிப் பானையைத் தூக்கிட்டு வந்து, படல் சந்து வழியாக் குடுத்தா. சடக்னு காலியாயிடுச்சு, பாதிப் பேருக்குக் கூட எட்டல.

மூணாவதா ஒரு பொண்ணு வந்து நின்னா. எட்டு வயசு இருக்கும். இடுப்புல தம்பி. அவ ஒண்ணும் கேக்கல. கையில ஒரு கிழங்கு வெச்சிருந்தா. பாதியப் பிச்சுத் தம்பி வாயில வெச்சா. மீதிய என்ன பண்ணினா தெரியுமா? பாவாடை நுனியில வெச்சு முடிஞ்சா. முடிச்சு நிக்கல, கிழங்கு தொப்னு விழுந்துச்சு. எடுத்து ஊதித் திரும்ப முடிஞ்சா. தொப். மூணாந்தடவையும் தொப்.

மருதாயி கை தானாப் போச்சு. முள்ளுக்குள்ள கைய விட்டுட்டா! சரக்னு கீறி ரத்தம் வருது, அதை அவ பாக்கவே இல்லை. "அப்படி இல்லடி. ரெண்டு சுத்து சுத்தி, நுனிய உள்ள விட்டு இழு. இப்படி."

அந்தப் பொண்ணு முடிச்சைப் பொத்திக்கிட்டா. "எடுத்துக்க மாட்டீங்களே?"

"மாட்டேன். உன் பேரு என்ன?"

"பவளம்."

"நீ தின்னியா பவளம்?"

அவ தம்பியப் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "நான் அப்பவே தின்னுட்டேன்."

மருதாயி ரெண்டு கையாலயும் படலைப் புடிச்சு இழுத்தா. கிறீச்ச்ச்!

நாட்டாமை மீசை துடிக்குது. "ஏய் மருதாயி! நீதானே தொறக்காதீங்கன்னு கத்தினே?"

"நான்தான் கத்தினேன். இப்போ நான்தான் தொறக்குறேன்."

"எரநூறு வாய்க்கு யாரு சோறு போடறது?"

"நான் போடறேன்."

ஊரே சிரிச்சுடுச்சு. வடையத் திருடி முடியுறவளா எரநூறு பேருக்குச் சோறு போடப் போறா! மருதாயி நேரா வீட்டுக்குப் போயி மம்பட்டிய எடுத்தா. அடுப்படியத் தோண்டினா, ஒரு பானைக் கம்பு. வைக்கப்போர் அடியில, ரெண்டு பானை ராகி. புளியமரப் பொந்துல பயறு. கோயில் பின்னால, கெணத்து மேட்டுல, எருக்குழி ஓரத்துல, ணங் ணங் ணங்னு தோண்டத் தோண்ட, மொத்தம் இருபத்திரெண்டு பானை வந்துச்சு! கடைசிப் பானை நாட்டாமை வீட்டு மாட்டுக் கொட்டாயில.

"என் கொட்டாயிலயுமா?"ன்னாரு நாட்டாமை.

"அங்கதாங்க ஐயா யாரும் தேட மாட்டாங்க."

நாட்டாமைக்கே சிரிப்பு வந்துடுச்சு. வீட்டுக்குள்ள போயி அவரு நெல்லுக் குதிரோட மூடியையும் தொறந்துவிட்டாரு. ஊர்ல மத்தவங்களும் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டாந்தாங்க.

ம்னு சொல்லு. தூங்கிட்டியா?

ம்.

அப்புறம் பெரிய அண்டாவுல கூழ் கொதிக்குது, களக் களக். சிட்டு கரண்டியோட நின்னா. மூணு கரண்டி, நாலு கரண்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோங்க!" மருதாயி ஓடிவந்து கரண்டியப் புடுங்கினா. "இப்படி ஊத்தினா நாலே நாள். நான் ஊத்தினா ரெண்டு மாசம். ஆளுக்கு ஒரு கரண்டி!"

"பசிச்ச மூஞ்சியப் பாத்துட்டு ஒரே கரண்டி ஊத்த உனக்கு எப்படிக்கா மனசு வருது?"

"நான் மூஞ்சியப் பாக்கல. பானையப் பாக்குறேன்."

சிட்டு யோசிச்சா. அக்கா சொல்றதும் நெசந்தான். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. அக்கா அளந்து ஊத்துவா, தங்கச்சி கையில குடுப்பா. சும்மா குடுக்க மாட்டா. பேரு கேப்பா, ஊரு கேப்பா, கால்ல என்ன புண்ணுன்னு கேப்பா. ஒரு கரண்டிக் கூழும் சிட்டு பேச்சும் சேந்தா வயிறு ரொம்பின மாதிரியே இருக்குமாம்.

ஒரு மாசம் ஓடுச்சு. அப்போ ஒருநாள் காலையில தூரத்துல, டக டக டக டக! குதிரைங்க! தானியம் தேடிக்கிட்டுப் படைவீரங்க வர்றாங்க. மருதாயி கையில இருந்த மொறத்தைப் போட்டுட்டு ஓடினா. ஒரே தாவு, குதிருக்குள்ள ஒரு காலை விட்டுட்டா. குனிஞ்சு பாத்தா, உள்ள பவளம்! மடியில தம்பி! ரெண்டும் நடுங்கிக்கிட்டு ஒடுங்கிக் கெடக்குதுங்க. மருதாயி ஒத்தைக் கால்ல நின்னா. உள்ள எடமே இல்லை. என்ன பண்றது? விட்ட காலை வெளிய எடுத்தா. "சத்தம் போடாம இருங்க, நான் வெளியில இருக்கேன்"னு மூடியைப் போட்டா.

ஒளிச்சு வெக்கிறதுல அவளை மிஞ்ச ஆள் உண்டா? "இருபது வருசமா என்னைப் பாத்துச் சிரிச்சீங்கல்ல? இப்போ நான் சொல்றபடி செய்ங்க!"ன்னா ஊர்க்காரங்ககிட்ட. ராகி தலகாணிக்குள்ள போச்சு. பயறு கோயில் மேளத்துக்குள்ள போச்சு. நாட்டாமை தலப்பாகைக்குள்ள ரெண்டு படி கம்பு! மனுசன் கழுத்தை அசைக்க முடியாம பொம்மை மாதிரி நிக்கிறாரு.

ஆறு வீரங்க வந்தாங்க. பானையெல்லாம் உருட்டினாங்க, டொம் டொம்னு சுவரைத் தட்டினாங்க. ஒண்ணும் கெடைக்கல. அவங்க தலைவன் கன்னத்துல பெரிய வெட்டுத் தழும்பு. களைச்சுப் போயி மருதாயி வீட்டுத் தலகாணி மேல உக்காந்தான்.

கரக் மொரக்.

எல்லாருக்கும் மூச்சு நின்னுபோச்சு. தலைவன் கொஞ்சம் நகந்து உக்காந்தான். கரக் மொரக். மருதாயிய நிமுந்து பாத்தான். மருதாயியும் பாத்தா. அவன் அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "எங்க அம்மா கூரை ஓலைக்குள்ள வெப்பா"ன்னான். அப்புறம் எழுந்திருச்சு, வெளிய பாத்து உரக்கக் கத்தினான். "இங்க ஒண்ணும் இல்லடா! எலி கூடப் பட்டினிதான் கெடக்குது. கெளம்புங்க!"

வாசப்படியத் தாண்டப் போறாங்க. அப்போ நம்ம சிட்டு இருக்காளே, வாய் சும்மா இருக்குமா? "சாப்ட்டீங்களா?"ன்னுட்டா!

நாட்டாமை அப்படியே கண்ணை மூடிக்கிட்டாரு. மருதாயி நறுக்னு அவ இடுப்புல கிள்ளினா. தலைவன் திரும்பினான். ஒதட்டுல சிரிப்பு. "இல்லை தாயி. மூணு நாளாச்சு."

மருதாயி அவனைப் பாத்தா. அவ வயசுதான் இருக்கும். அதே பழைய சண்டையில அவனும் சின்னப் பையனா எங்கயோ ஒளிஞ்சு கெடந்திருப்பான். அவ முந்தானைய எடுத்து, முடிச்சை அவுத்தா. குளிக்கும்போது கூட அவுக்காத முடிச்சு. அந்த ஒரு பிடி அவலை அவன் உள்ளங்கையில கொட்டினா. "எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு"ன்னா. அவன் அதை ஆறு பங்காப் பிரிச்சான். நின்னுக்கிட்டே தின்னாங்க. டக டக டகன்னு போயிட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கம் யாருமே வரல.

ம்.

அடுத்த மாசம் மழை வந்துச்சு. ஏரி ஒடைஞ்சு தண்ணி அது பாட்டுக்கு ரெண்டு பக்கமும் ஓடிப்போச்சு. அடிச்சுக்க ஏரியே இல்லாம சண்டையும் நின்னுச்சு. வந்தவங்க அவங்கவங்க ஊருக்குப் போனாங்க. பவளத்துக்கும் தம்பிக்கும் போக வீடு இல்லை, ஆளும் இல்லை. அதனால அக்கா தங்கச்சி வீட்டுலயே இருந்துக்கிட்டாங்க.

தம்பி ஒரு வாரத்துல ஓடி ஆட ஆரம்பிச்சுட்டான். பவளம்தான் படுக்கவே மாட்டா. சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவா, அதுவும் ஒரு கண்ணு பாதி தொறந்திருக்கும். சிட்டு தாலாட்டுப் பாடிப் பாத்தா. மருதாயி கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்டுப் பாத்தா. ம்ஹூம்.

அப்புறம் வெள்ளாமை வந்துச்சு. ஒருநாள் பட்டப்பகல், வாசல்ல பொம்பளைங்க கம்பு குத்துறாங்க, தொம்மு தொம்மு, தொம்மு தொம்மு. சிட்டு கட்டைக் குரல்ல பாடறா. நாட்டாமை மாட்டைக் காணோம்னு தெருவெல்லாம் கத்துறாரு. மருதாயி வீட்டுக்குள்ள வந்தா. பாத்தா, பவளம் தரையில மல்லாந்து படுத்திருக்கா! கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வாய் தொறந்து, கொர்ர்ர்... கொர்ர்ர்ர்...

மருதாயி விழுந்தடிச்சு வெளிய ஓடினா. "நிறுத்துங்கடி! புள்ளை தூங்குது!"

ஒலக்கை நின்னுச்சு. உள்ள குறட்டையும் நின்னுச்சு.

"ஐயோ, குத்துங்கடி குத்துங்க!"ன்னா சிட்டு. "இந்தச் சத்தம் இருக்குறதாலதான் அவ பயப்படாம தூங்குறா!"

தொம்மு தொம்மு. கொர்ர்ர். தொம்மு தொம்மு. கொர்ர்ர். பொழுது சாயுற வரைக்கும் குத்தினாங்களாம். நடுவுல கம்பு தீந்துபோச்சு. யாரும் நிறுத்தல. வெறும் உமியப் போட்டுக் குத்தினாங்க. நாட்டாமையும் ஒரு ஒலக்கையை வாங்கிக் குத்தினாரு, மீசையெல்லாம் உமி. மருதாயி மட்டும் குத்தல. உள்ள போயி, அந்தப் புள்ளை பக்கத்துல, தானும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டா.

தொம்மு... தொம்மு...

என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி சரி. மருதாயி தூங்கியாச்சு, பவளம் தூங்கியாச்சு, கதையும் காலை நீட்டிப் படுத்தாச்சு. நீயும் தூங்கு, கண்ணு.