ஒற்றைக் காலில் பதினேழாம் வாய்ப்பாடு

குருசாமி வாத்தியாருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருக்குப் பாடம் சொல்லித்தர இருந்த மெர்லினுக்கு இருபத்தொன்பது. பெயரிலேயே குருவை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணிடம் சீடனாகப் போய் நிற்பதா என்று முதல் நாள் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் தேறாத பிள்ளைகளைப் பழக்கக் கற்றுக்கொண்டு வரச்சொல்லி மேலிடத்து உத்தரவு. பத்து நாள், பள்ளிக்கூடம் விட்டதும் போய்த்தான் ஆகவேண்டும்.

பயிற்சி அறை ஒன்றிய அலுவலகத்துக்குப் பின்னால் இருந்தது. கைகால் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளைகளை மெர்லின் அங்கே பழக்கினாள். உத்தரத்தில் ஒரு டயர் தொங்கும். மூலையில் பெரிய ரப்பர் பந்து. ஓரத்தில் ஒரு பெஞ்சு. வேறு ஆடம்பரம் கிடையாது.

குருசாமியின் சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளின் பெயரை எழுதிப் பத்தாம் நாள் கொடுக்கவேண்டும். பெயர் ஏறினால் பிள்ளை வெளியூர் விடுதிப் பள்ளிக்குப் போய்விடும். ஒரே ஒரு பெயரை எழுதி வைத்திருந்தார். கோமதி.

கோமதிக்கு எட்டு வயது. அவள் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அந்த அம்மா ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "சார், எம்மேல காலைப் போட்டாத்தான் அவளுக்கு உறக்கம் வரும். பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வேலைக்கு ஓடினாள்.

அதனால்தான் அந்தப் பெயர் இன்னும் பென்சிலில் இருந்தது.

முதல் நாள் அவர் கோமதியையும் கூட்டிக்கொண்டு போனார். கேரியரில் உட்காரவைத்தால் சரிந்து விழுவாள் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார்.

"பிள்ளைக்கு என்ன செய்யுது சார்?" என்றாள் மெர்லின்.

"வாய் காத தூரம் போகுதும்மா, கை காலடி தூரம் போகமாட்டேங்குது. அஞ்சாம் வகுப்பும் எங்கிட்டதான், ஒரே ரூம். அவங்களுக்கு நான் சொல்ற பதினேழாம் வாய்ப்பாட்டைக் காதால கேட்டே பிடிச்சுட்டா. என் செருமலையும் சேர்த்துச் சொல்லுவா. தலைமையாசிரியர் கொரல்ல வேணுமா, சத்துணவு ஆயா கொரல்ல வேணுமா, எதுல கேட்டாலும் வரும். எழுதுன்னாத்தான் போச்சு. மையில விழுந்த எறும்பு நோட்டுல நடந்த மாதிரி இருக்கும்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நூறு தடவை எழுதச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இருநூறு."

மெர்லின் ஒரு சாக்பீஸை நீட்டினாள். "தரையில பாண்டிக் கட்டம் போடுங்க சார்."

குனிந்து எட்டுக் கட்டம் போட்டார். பிள்ளைகள் வரிசையாக நொண்டியடித்தார்கள். கோமதி இரண்டாம் கட்டத்திலேயே மறுகாலையும் ஊன்றிவிட்டாள்.

"அவுட்டு," என்றார் குருசாமி, பழக்கதோஷத்தில்.

"இங்க அவுட்டு கிடையாது சார். மறுபடி வா கோமதி."

மறுநாளும் சாக்பீஸ். அதற்கு மறுநாளும் சாக்பீஸ். போட்டதை அழிப்பதும் அழித்ததைப் போடுவதுமே அவருக்கு வேலையாகிப் போனது. நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, படிப்புக்கும் பாண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆறாவது கட்டம் கோணலா இருக்கு சார்," என்றாள் மெர்லின்.

ஏழாம் நாள் இன்னொரு தடவை ஆரம்பித்தார். "நான் முப்பது வருசம் சர்வீஸ் போட்டவன்..."

"ஆறாவது கட்டம் கோணலா இருக்கு சார்."

சொன்னது மெர்லின் இல்லை. மெர்லின் குரலில் கோமதி. பிள்ளைகள் சிரித்தார்கள். மெர்லினும் சிரித்தாள். குருசாமி விறைப்பாக இருந்து பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்தார். கட்டம் கோணல்தான்.

பத்தாம் நாள் கோமதி நாலாம் கட்டம் வரைக்கும் போனாள். குருசாமி அதைப் பார்த்தாரோ இல்லையோ, படிவத்தை வெளியே எடுத்தார்.

"நேராவே கேக்கேன்மா. இவளுக்குப் புத்தி இல்லையா, மனசு இல்லையா? காரணம்னு ஒரு இடம் விட்டிருக்கான். ரெண்டுல ஒண்ணு எழுதணும்."

"இருநூறு தடவைக்கு அப்புறம் என்ன தண்டனை குடுத்தீங்க சார்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னேன்."

"நின்னாளா?"

"எங்க? மூணு எண்ணுறதுக்குள்ள ஊணிருவா. தூக்குவா, ஊணுவா, தூக்குவா, ஊணுவா. வகுப்பே சிரிக்கும். பிடிவாதம்னு நெனச்சேன்."

"பதினேழாம் வாய்ப்பாடு உங்களுக்கு வருமா சார்?" என்று கேட்டாள் மெர்லின்.

"தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க."

"தூங்க வேண்டாம். கண்ணை மட்டும் மூடிக்குங்க. ஒரு காலைத் தூக்கிக்கிட்டுச் சொல்லுங்க."

குருசாமி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கண்ணை மூடி, காலைத் தூக்கி, ஒரு செருமல் செருமினார்.

"ஒரு பதினேழு பதினேழு. ரெண்டு பதினேழு முப்பத்திநாலு." இடுப்பு ஒரு பக்கம் போனது. கைகள் காற்றில் எதையோ தேடின. "மூணு பதினேழு... மூணு பதினேழு..."

கால் தரைக்கு வந்துவிட்டது.

"மறுபடி," என்றாள் மெர்லின்.

மறுபடி தூக்கினார். "மூணு பதினேழு... அம்பத்திமூணு."

டயரில் தொங்கிக்கொண்டிருந்த கோமதி, "ம்க்கும். அம்பத்தொண்ணு," என்றாள், அச்சு அசல் குருசாமியின் குரலில்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"மறந்துபோச்சா சார்?"

"மறக்கலம்மா. முப்பது வருசமாச் சொல்றது. விழுந்துரக் கூடாது, விழுந்துரக் கூடாதுன்னே உள்ள ஓடுது. மூணு பதினேழுக்கு எடமில்ல."

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோமதி டயரிலிருந்து இறங்கி, நடந்து வந்து, அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்கின. இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

குருசாமி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பிலும் அப்படித்தான் பிடித்திருப்பாள். அவர் எழுதச் சொல்லும்போதுதான் ஒரு கையை எடுப்பாள்.

பிறகு மடியிலிருந்த படிவத்தை நீவிவிட்டார்.

"இன்னிக்கே குடுத்தாகணும்மா. உத்தரவு உத்தரவுதானே. இந்தப் பேரைப் பேனாவால எழுதவா, வேண்டாமா? நீங்களே சொல்லிருங்க."

மெர்லின் அவர் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எழுதுங்க சார். கண்ணைத் திறந்தே வச்சுக்கலாம். ஒத்தக் கால்ல மட்டும் நின்னு எழுதுங்க."