ஐந்தாம் அட்டவணை

இந்தக் கதையை இருபது வருடங்களுக்கு மேலாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் இல்லை. ஆனால் ஒரு வேலையை இழந்தவருக்கு இப்படி ஒரு கதை தேவைப்படும். அந்த வேலை கிடைத்தவன் நான் என்பதால், நம்பாமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

பேராசிரியர் தேவவரம் கிழக்காசிய நாடுகளின் வணிகத்தைப் பற்றி முப்பது வருடம் எழுதியவர். தைபேயிலும் சியோலிலும் தங்கிப் படித்தவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எண்பதுகளின் நடுவில் எழுதிய ஒரு கட்டுரை. குறிப்பாக அதன் ஐந்தாம் அட்டவணை. கிழக்காசிய நாடுகள் அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த காலம் முடிகிறது, இனி தங்களுக்குள்ளேயே வாங்கி விற்கும் என்று அது காட்டியது. அவரிடம் ஆய்வு செய்த எல்லோரும் இரண்டாம் அத்தியாயத்தை அந்த அட்டவணையோடுதான் தொடங்குவோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதுபோல அது நடந்தது.

இசக்கியப்பனும் அப்படித்தான் தொடங்கினார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி காலியானபோது அவருக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. நாற்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதுதான் அவருடைய கடைசி நேர்காணல்.

அதற்கு நான்கு நாள் முன்பு, வேறு எதற்கோ ஹாங்காங் துறைமுகத்தின் பழைய ஏற்றுமதிக் கணக்குத் தொகுப்புகளைப் புரட்டியிருக்கிறார். தைவானிலிருந்து வந்த நூல் பொதிகள் ஹாங்காங்கில் இறங்கி, வேறு கப்பல் ஏறி ஷாங்காய் போயிருந்தன. ஐந்தாம் அட்டவணை தைவான் அனுப்பியதையும் சேர்த்திருந்தது, ஹாங்காங் அனுப்பியதையும் சேர்த்திருந்தது. ஒரே பொதி இரண்டாகியிருந்தது. அண்ணாச்சி மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார். இரட்டிப்பை நீக்கினால் அந்தப் புகழ்பெற்ற வளர்ச்சியில் முக்கால்வாசி இல்லை.

நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் அவர் தேவவரம் சாரின் வீட்டுக்குப் போனார். தேர்வுக் குழுவில் துறை வல்லுநராக வரப்போவது சார்தான். தன் மாணவர்களைத் தானே தேர்ந்தெடுப்பது சரியா என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. அண்ணாச்சி தாளை நீட்டினார். கண்டுபிடித்ததைச் சொன்னார்.

"நாளைக்கு இதைச் சொல்லணுமா சார், வேண்டாமா?"

சார் நிதானமாகப் படித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சட்டை இஸ்திரி போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"டை கட்டாதே. கட்டினா நீ இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவன் மாதிரி இருக்கே."

காபி வந்தது. ஒருமுறை சொல்லும்போது அண்ணாச்சி அதை டீ என்றார். என் சந்தேகத்துக்கு அப்படிச் சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு.

மறுநாள் வராந்தாவில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் டை கட்டவில்லை. நான் கட்டியிருந்தேன். "பாலிசி எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரை முதலில் கூப்பிட்டார்கள்.

உள்ளே நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். ஜப்பான் கார்களைப் பற்றியும் உலக வணிக அமைப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறார். துணைவேந்தர் ஃபைலை மூடப் போனபோது சார், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்றார். குழுவுக்கு முன்னால் அவர் மாணவர்களிடமும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"உங்க ஆய்வேட்டு அட்டவணையிலே, ஹாங்காங் வழியா போன சரக்கை எத்தனை தடவை எண்ணியிருக்கீங்க?"

ஒரு தடவை என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் மறுக்கத் தெரிந்தவர் சார் ஒருவர்தான். அண்ணாச்சி தண்ணீர் குடித்தார்.

"ரெண்டு தடவை சார்."

"அட்டவணை யாரோடது?"

"ஆய்வேட்டிலே என் பேர்தான் இருக்கு."

சார் தலையசைத்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். அண்ணாச்சி வெளியே வந்து என் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்.

அடுத்து நான் போனேன். என் ஆய்வேட்டில் அதே அட்டவணை நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. எந்த ரயிலில் வந்தேன் என்று மட்டும் சார் என்னிடம் கேட்டார்.

வளர்த்தவரே கழுத்தை அறுத்துவிட்டார் என்று தெரிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் சேர்ந்து, ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பானார். அங்கே போவதற்கு முன்னால் ஒருமுறை சாரைப் பார்க்கப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் உங்ககிட்டே யோசனைதான் சார் கேட்டேன். நீங்க ஏன் அதை அங்கே வச்சுக் கேட்டீங்க?"

சார் சொன்னதாக அண்ணாச்சி சொல்வது இது.

"எனக்கு அது பதினஞ்சு வருஷமா தெரியும். ஒவ்வொரு கருத்தரங்குக்கும் பதிலை எழுதி எடுத்துட்டுப் போவேன். யாராவது ஒருத்தர் கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. உனக்காவது ஒரு ஆள் கேக்கட்டும்னு நினைச்சேன்."

அடுத்த வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணாச்சி இதை எனக்குச் சொன்னார். ஊருக்குத் திரும்பியதும் என் நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியைத் தாண்டவில்லை. பிறகு பதவி உயர்வுகள் வந்தன. சார் இறந்தபின் அவருடைய காகிதங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுதி எடுத்துப் போனதாகச் சொன்ன அந்தப் பதிலைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் அதை ஒரு சீட்டில் எழுதிக் கிழித்திருக்கலாம். அப்படி ஒன்று இல்லாமலும் இருந்திருக்கலாம்.

போன மாதம் ஒரு கருத்தரங்குக்காகத் தூத்துக்குடி போனேன். மதியம் அண்ணாச்சியின் அலுவலகத்தில் சாப்பிட்டோம். "துறைத்தலைவர் மீனைத் தொடவே இல்லையே" என்று கேலி செய்தார். மேசையெல்லாம் கொரியாவுக்குப் போகும் சரக்குப் பெட்டிகளின் காகிதங்கள். அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சலிக்காமல் சொன்னார். சாரின் பதிலோடு நிறுத்திக்கொண்டு கை கழுவ எழுந்தார்.

"அண்ணாச்சி, என்னை ஏன் அந்தக் கேள்வி கேக்கலைன்னு சார் உங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா?"